பாறையும் மலரும்: பேணுதலின் அறம் பற்றிய ஒரு சிந்தனை

ஒன்றின்மீது நாம் கொள்ளும் அன்பு, அதனை நம்மிடம் கொண்டுவந்து சேர்க்கத் தூண்டுகிறது. அழகிய பறவையைக் கூண்டில் வைக்கிறோம். அழகிய மலரைத் தொட்டியில் வைக்கிறோம். அறிவுள்ள பிள்ளையை மேடையில் நிறுத்துகிறோம். இவை அனைத்தையும் அன்பு என்றே அழைக்கிறோம். ஆனால், அன்பு செய்யப்படும் பொருளின் பக்கம் நின்று நோக்கினால் என்ன தெரியும்? நாம் ஒன்றைப் பேணும்போது பேணப்படுவது அதன் வாழ்வா, அதன்மேல் நாம் கொண்ட விருப்பமா? அறநெறியின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்றாகிய இதற்கு நூலகத்தில் மட்டுமன்றித் தோட்டத்திலும் விடை தேடலாம். குறிப்பாக, பாறைத் தோட்டம் எனப்படும் கலை இவ்வினாவைக் கண்முன் கொண்டுவந்து வைக்கிறது.

பாறைத் தோட்டம் என்றவுடன் நம் வாசகர் பலருக்குச் சண்டிகர் நினைவுக்கு வரும். சாலை ஆய்வாளராகப் பணியாற்றிய நேக் சந்த் என்பார், உடைந்த வளையல்களையும் ஓடுகளையும் பீங்கான் துண்டுகளையும் கொண்டு, பிறர் அறியாமல் பல்லாண்டு உழைத்து உருவாக்கிய தோட்டம் அது. 1976-இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அது போற்றத்தக்க சிற்பக்கூடம். நாம் இங்குக் கருதுவது வேறொன்று. ஆல்ப்ஸ் மலையிலும் இமயத்திலும் மரம் வளர இயலாத உயரத்தில், பாறை இடுக்குகளில் வாழும் சிறு செடிகளைத் தாழ்நிலத்தில் வளர்க்கும் பொருட்டுக் கல்லும் சரளையும் அடுக்கி அமைக்கும் தோட்டம். ஐரோப்பியர் இதனை ஒரு நுண்கலையாகவே வளர்த்துள்ளனர்.

மிகுதியால் மடியும் செடி

இச்செடிகளின் இயல்பு வியப்புக்குரியது. கடுங்குளிரும் பெருங்காற்றும் சுடுவெயிலும் மாறிமாறித் தாக்கும் உச்சிகளில் அவை விரலளவே உயர்ந்து, இலைகளை நெருக்கிக்கொண்டு, மெத்தைபோல் பாறையை ஒட்டிப் படர்கின்றன. காற்று அம்மெத்தையின் உள்ளே எளிதில் நுழைவதில்லை; பகலின் வெப்பம் அதனுள் தங்குகிறது. மேலே ஒரு சாண் அகலமும் இல்லாத செடியின் வேர், பாறைப் பிளவிலுள்ள ஈரத்தைத் தேடி அதனினும் பன்மடங்கு ஆழம் செல்கிறது. ஆண்டில் சில வாரங்களே கிட்டும் கோடையில் விரைந்து பூத்து, விதை ஈன்று, மீண்டும் பனியின் கீழ் உறங்கிவிடுகின்றன.

இத்தகைய செடியைத் தாழ்நிலத்திற்குக் கொண்டுவந்து, எருவிட்டு, நாள்தோறும் நீர் வார்த்தால் அது மடிந்துவிடும். உறைபனியைத் தாங்கிய செடி, தாழ்நிலத்துக் குளிர்கால மழையின் ஈரத்தைத் தாங்காமல் அடித்தண்டு அழுகிச் சாகும். கொழுத்த மண்ணில் பிழைத்துக்கொண்டாலும் தன் உருவை இழக்கும். ஆல்ப்ஸ் மலையின் புகழ்பெற்ற எடெல்வைஸ் மலரின் அழகு, அதனைப் போர்த்தியிருக்கும் வெண்ணிற மென்மயிரில் உள்ளது. செழிப்பான தோட்ட மண்ணில் அம்மயிர் குறைந்து, தண்டு நீண்டு, செடி பசுமையாகிவிடுகிறது. வளர்ப்பவர் செடிக்கு நன்மை செய்வதாக எண்ணிக்கொண்டிருக்க, செடியோ தன்னைத் தானாக்கிய ஒன்றை இழந்து நிற்கிறது.

இக்கலையை ஆங்கிலேயரிடையே பரப்பியவர்களுள் தலைசிறந்தவர் ரெஜினால்ட் ஃபேரர் (1880–1920). இலங்கைக்குச் சென்று பௌத்தத்தைத் தழுவியவர். சீனத்தின் மலைகளில் செடி தேடி அலைந்தவர். பர்மாவின் வடபகுதி மலைகளில் செடி சேகரிக்கும் பணியிலேயே உயிர்நீத்தவர். 1919-இல் வெளிவந்த அவருடைய ஆங்கிலேயப் பாறைத் தோட்டம் பற்றிய பெருநூல் இத்துறையினருக்கு நெடுங்காலம் வழிகாட்டியது. அவரும் அவர்வழி வந்தோரும் கண்ட உண்மை எளியது. பாறைத் தோட்டத்தில் கல் அலங்காரத்திற்காக வைக்கப்படுவதில்லை. நீர் தேங்காமல் வடிய விடுவதும், வேரைக் குளிர்ச்சியாக வைப்பதும், அடியிலுள்ள ஈரம் ஆவியாகாமல் காப்பதும் கல்லின் பணி. மேலே வறண்டு தோன்றும் அப்படுகையின் அடியில் செடிக்கு வேண்டியது காத்திருக்கிறது. தோட்டக்காரர் தம் கையை அடக்கிக்கொள்கிறார்; அடக்கிக்கொள்வதற்கு முன்னர் அடித்தளத்தை ஆயத்தம் செய்கிறார். இவ்விரண்டும் சேர்ந்ததே பேணுதல். முன்னது மட்டும் இருந்தால் அது புறக்கணிப்பு. பின்னது மட்டும் இருந்தால் அது திணிப்பு.

பரிசு யாருக்கு?

இங்கிலாந்தில் 1929-இல் தொடங்கப்பட்ட உயர்மலைத் தோட்டச் சங்கம், ஆண்டுதோறும் பல ஊர்களில் செடிக்காட்சிகளை நடத்துகிறது. உறுப்பினர்கள் தாம் வளர்த்த செடிகளைத் தொட்டிகளில் கொண்டுவந்து நீண்ட மேசைகளில் வரிசையாக வைக்கின்றனர். நடுவர் குழுவினர் ஒவ்வொன்றையும் ஆராய்ந்து, காட்சியின் தலைசிறந்த செடிக்கு ஃபேரர் பெயரால் அமைந்த பதக்கத்தை வழங்குகின்றனர். விதையிலிருந்து முளைக்கச் செய்து, பல ஆண்டுகள் காத்திருந்து வளர்த்தோரின் பொறுமையை அம்மேசைகளில் காணலாம். அவர்கள் தமக்குள் விதைகளைப் பகிர்ந்துகொள்வதால், மலைக்குச் சென்று செடியைப் பெயர்த்தெடுக்கும் தேவையும் குறைகிறது. இத்தகைய காட்சிகளை இகழ்வது நம் நோக்கமன்று.

நம் தமிழகத்திலும் இதற்கு ஒப்பான விழா உண்டு. உதகமண்டலத்தில் 1848-இல் மெக்கைவர் என்பவர் உருவாக்கத் தொடங்கிய தாவரவியல் பூங்காவில், 1896 முதல் நடைபெற்றுவரும் மலர்க்காட்சியே அது. மே மாதத்தில் சமவெளியின் அனல் தாங்காது மலையேறும் மக்கள், அங்கே தாலியாவையும் பேன்சியையும் பெட்டுனியாவையும் ஆயிரக்கணக்கான தொட்டிகளில் கண்டு களிக்கின்றனர். களிப்பதில் குற்றமில்லை. ஆயினும், அம்மலர்களில் பெரும்பாலானவற்றின் தாயகம் வேறு கண்டங்கள் என்பதை எத்தனை பேர் எண்ணுகின்றனர்? நீலகிரியின் சொந்த மலர்கள் வேலிக்கு வெளியே இருக்கின்றன. இமயமலை ரோடோடென்ட்ரானின் உறவான காட்டுப்பூவரசு, பனிபடியும் சோலையோரங்களில் செந்நிறப் பூங்கொத்துகளோடு நிற்கிறது. மிகக் குளிர்ந்த பழங்காலத்தில் தெற்கே பரவிய இனங்கள், பின்னர் உலகம் வெப்பமுற்றபோது உயர்ந்த சிகரங்களில் மட்டும் எஞ்சிவிட்டன என்று அறிஞர் கருதுவர். ஆயின், அவற்றின் வீடாகிய புல்வெளிகளும் சோலைகளும் கடந்த ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தேயிலைக்கும், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த யூகலிப்டஸுக்கும் சீகைக்கும் இடம்விட்டுச் சுருங்கிவிட்டன. மலர்களைக் கொண்டாட ஒரு வாரத்தை ஒதுக்கிய நாம், மலர்களுக்கு உரிய நிலத்தை ஒதுக்க மறந்தோம்.

இங்கேதான் பரிசு பற்றிய வினா எழுகிறது. தொட்டியில் உள்ள செடி பரிசைக் கேட்கவில்லை, பரிசை அறிவதுமில்லை. பதக்கம் சென்று சேர்வது மனிதரின் கைக்கே. ஆகவே காட்சிமேடையில் உண்மையில் காட்சிக்கு வைக்கப்படுவது நம் திறமை. இதில் தவறு இல்லை, நாம் அதனை அறிந்திருக்கும்வரை. அறியாதபோது, நம் புகழை அச்செடியின் நலம் என்று மயங்கிவிடுகிறோம்.

அழகைப் பற்றிப் பேசுகையில் புனித அக்குவினாஸ் தோமா ஒரு நுண்ணிய வேறுபாட்டைக் காட்டுகிறார். நன்மையான பொருளை அடைந்தால்தான் விருப்பம் அமைதியுறும். அழகான பொருளைக் கண்ட அளவிலேயே விருப்பம் அமைதியுறும். பசித்தவனுக்கு உணவைக் காட்டினால் போதாது. அந்தி வானத்தை வேண்டியவனுக்குக் காட்டினாலே போதும். இருபதாம் நூற்றாண்டில் சிமோன் வெய்ல் என்னும் பிரெஞ்சு மெய்யியலார், காண்பதும் உண்பதும் வேறுவேறாக இருப்பதே மனிதரின் துயரம் என்றும், கண்டு நிற்க வேண்டியதை உண்ண முற்படுவதிலேயே தீமைகள் பலவும் தோன்றுகின்றன என்றும் சிந்தித்தார். ஏதேன் தோட்டத்துக் கனியை நினைப்போருக்கு இதன் ஆழம் விளங்கும். அழகியதைக் கண்டு அமைதியுறாமல் கைப்பற்றத் துடிக்கும் நெஞ்சம், அழகை உணவாக்கிவிடுகிறது. உணவோ உண்டபின் இருப்பதில்லை.

இருவகை அட்டைகள்

திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் ராபினட் உலர்தாவரகம் உள்ளது. அங்குப் பணியாற்றிய இயேசு சபைக் குரு கே. எம். மாத்யூ, தம் மாணவர்களோடு தமிழகத்தின் சமவெளிகளிலும் குன்றுகளிலும் அலைந்து செடிகளைத் திரட்டி, தமிழகக் கர்நாடகப் பகுதியின் தாவரங்களைப் பற்றிப் பல தொகுதிகளை 1980-களில் வெளியிட்டார். பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய அவருடைய நூல் 1999-இல் வெளிவந்தது. 2004-இல் அவர் மறைந்தார். உலர்தாவரகத்தில் உள்ள செடிகள் அழகற்றவை. நிறம் மங்கி, தாளில் ஒட்டப்பட்டு, தட்டையாகக் கிடப்பவை. ஆனால் ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஓர் அட்டை உண்டு. எந்த ஊர், எந்த மலை, எவ்வளவு உயரம், எந்த நாள், எத்தகைய மண் என்று அவ்வட்டை கூறும். அவ்விவரங்கள் இல்லாத செடிக்கு ஆய்வுலகில் மதிப்பு மிகக் குறைவு.

மலர்க்காட்சியிலும் தொட்டிதோறும் ஓர் அட்டை உண்டு. அதில் செடியின் பெயர் இருக்கும். வளர்த்தவரின் பெயரும் பெற்ற பரிசும் இருக்கும். ஓர் அட்டை, செடி எங்கிருந்து வந்தது என்று கேட்கிறது. மற்றோர் அட்டை, செடி யாருடையது என்று கேட்கிறது. நாம் மனிதரைச் சந்திக்கும்போது இவற்றுள் எந்த அட்டையைக் கையில் வைத்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பது நன்று.

நம் முன்னோர் முதல் வினாவையே கேட்டனர். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என நிலங்களுக்கு அவர்கள் இட்ட பெயர்கள் யாவும் அவ்வந்நிலத்துத் தாவரங்களின் பெயர்களே. மலரைச் சொன்னால் நிலம் தோன்றும். நிலத்தைச் சொன்னால் அங்கு வாழ்வோரின் தொழிலும் உணவும் பிரிவும் கூடலும் தோன்றும். மலர் தன் மண்ணினின்று பிரிக்க இயலாதது என்னும் அறிவு நம் இலக்கணத்திலேயே பொதிந்துள்ளது.

தணிகையின் பாறைகள்

திருத்தணியில் வாழ்வோருக்குப் பாறைத் தோட்டம் காணக் கடல் கடக்க வேண்டியதில்லை. முருகன் கோயில் அமைந்த குன்றின் இருபுறமும் செல்லும் தொடரில், வெண்மை தோன்றும் பகுதியைப் பச்சரிசி மலை என்றும், கருமை தோன்றும் பகுதியைப் பிண்ணாக்கு மலை என்றும் ஊரார் அழைப்பர். கற்பிளவுகளில் கள்ளியும் பிரண்டையும் கள்ளிமுளையானும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. எவரும் நடாதவை, எவரும் நீர் வார்க்காதவை. இம்மலைச் சுனையில் இந்திரன் நீலக்குவளையை நட்டு, அம்மலர்களால் வழிபட்டான் என்பது தலபுராணம். முருகன் சினம் தணிந்த இடம் ஆதலால் தணிகை ஆயிற்று என்பதும் அம்மரபே.

ஆடிக் கிருத்திகை நாளில், தமிழகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வரும் மக்கள் மலர்க்காவடிகளைத் தோளில் சுமந்து, ஆண்டின் நாள்களைக் குறிப்பதாகக் கருதப்படும் 365 படிகளில் ஏறுவதைக் காணும் எவரும், இதுவும் ஒரு மலர்க்காட்சி என்றே சொல்வர். ஆனால் இங்கு நடுவர் இல்லை, முதற்பரிசு இல்லை. சுமப்பவர் மலரைத் தம்முடையது என்று எண்ணுவதில்லை, ஒப்படைப்பதற்காகவே சுமக்கிறார். அம்மலர்களும் கொய்யப்பட்டவைதாம், வாடுபவைதாம். எனினும் அச்செயல், உடைமையாக்கும் ஆசையைப் படிப்படியாக இறக்கிவைக்கக் கற்பிக்கிறது. வேறு சமயத்தைச் சார்ந்த நாமும் நம் அயலாரிடமிருந்து இதனைக் கற்றுக்கொள்ளத் தயங்க வேண்டியதில்லை.

இதே எல்லைப்புறத்தின் வடக்கே, சேஷாசல மலைகள் வேறொரு பாடத்தைச் சொல்கின்றன. உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத செம்மரம், கிழக்குத் தொடர்ச்சி மலையின் அத்தென்பகுதியின் வறண்ட கற்பாங்கான சரிவுகளுக்கு உரியது. நீர் தேங்கும் மண்ணில் அது செழிப்பதில்லை. அதன் செந்நிற வைரத்திற்குக் கடல்கடந்த நாடுகளில் பெருவிலை உண்டு. அவ்விலையின் ஒரு சிறு துளிக்காக, வறுமையில் வாடும் மலைக்கிராமத்துத் தமிழர்கள் எல்லை கடந்து மரம் வெட்ட அழைத்துச் செல்லப்படுகின்றனர். 2015 ஏப்ரல் 7 அன்று, அக்காட்டில் ஆந்திரக் காவல்துறையினர் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் மாண்டனர். மரத்தின் அழகைத் தம் மாளிகையில் வைத்துப் பார்க்க விரும்பியவர்கள் எங்கோ இருந்தனர்; மரமும் மனிதரும் வீழ்ந்தது இங்கே. அழகை உடைமையாக்கும் ஆசைக்கு விலை கொடுப்பவர் பெரும்பாலும் அழகைத் துய்ப்பவர் அல்லர்.

ஒரு மறுப்பு

இதுவரை கூறியதற்கு எதிராக ஒரு வலுவான மறுப்பு எழக்கூடும். கல்லில் வளர்வதே செடிக்கு நலம், மிகுதியான பராமரிப்பு கேடு என்றால், ஏழையை ஏழ்மையிலேயே விட்டுவிடலாம் என்று பொருளாகாதா? ‘துன்பத்தில் வளர்ந்தவர்கள் உறுதியானவர்கள், உதவி அவர்களைக் கெடுத்துவிடும்’ என்று வசதி படைத்தோர் பேசுவதை நாம் கேட்டிருக்கிறோம்.

இக்கூற்று பொய்யானது, அறத்திற்கும் பகையானது. உயர்மலைச் செடிக்குக் கல் அதன் இயல்பின் பகுதி; அதன் வேரும் இலையும் அதற்கெனவே அமைந்தவை. கல்குவாரியிலும் செங்கல் சூளையிலும் முன்பணத்திற்காகக் கட்டுண்டு கிடக்கும் குடும்பத்தின் இயல்பில் அக்கட்டு எங்கே உள்ளது? அது வேறு மனிதர் சுமத்தியது. கொத்தடிமை முறையை நம் நாடு 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழித்தது. ஆயினும் அதற்குப் பின்னரும் நம் வட மாவட்டங்களில் இருளர் குடும்பங்கள் பல அந்நிலையிலிருந்து மீட்கப்பட்டுள்ளன. அவர்களுடைய உடலுறுதியை வியந்து பாடுவோர், பாறையின்கீழ் நசுங்கிய செடியைப் பாறைத் தோட்டம் என்று காட்டுவோரை ஒப்பர். மேலும், நாம் முன்னர்க் கண்டபடி, நல்ல பாறைத் தோட்டத்தில் மேலே கல்லும் அடியில் ஈரமும் உண்டு. வேர் சென்றடைய ஈரமே இல்லாத இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்குக் கட்டுப்பாடு என்று பெயரில்லை. நிலம், கூலி, பள்ளி, மருத்துவம் ஆகிய அடியீரத்தை உறுதிசெய்த பின்னரே, எப்படி வளர வேண்டும் என்பதை வளர்பவரிடம் விடும் உரிமையைப் பற்றி நாம் பேசலாம்.

மறுபுறம், வசதியுள்ள வீடுகளில் நிகழ்வதும் கவலைக்குரியது. தேர்வு முடிவுகள் வெளிவரும் நாள்களில், நம் ஊர்ச் சாலைகளில் மாணவர் முகங்களும் மதிப்பெண்களும் பதாகைகளில் வரிசையாக நிற்கின்றன. அதுவும் ஒரு மலர்க்காட்சி, பதக்கம் நிறுவனத்திற்கு. வீட்டில் தெலுங்கு பேசி, தெருவில் தமிழ் பேசி, தறிச்சத்தத்திற்கிடையே வளரும் எல்லைப்புறப் பிள்ளைக்கு இரு மொழிகளின் செல்வம் இயல்பாகவே கிட்டுகிறது. அதனை அழித்து, எல்லாத் தொட்டிகளிலும் ஒரே மலரை வளர்க்க முற்படும் கல்வி, பிள்ளையின் மூலையில் உள்ள முதல் அட்டையைக் கிழித்துவிடுகிறது. பிள்ளை எங்கிருந்து வந்தது, எதை நோக்கி அதன் வேர் செல்கிறது என்று கேளாத பெற்றோர் எவ்வளவு செலவழித்தாலும் அது பேணுதலாகாது.

பூவாத ஆண்டுகள்

எந்தக் காட்சிமேடைக்கும் வராத ஒரு மலர் நம்மிடம் உண்டு. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையே பூக்கும். கொடைக்கானல், மூணாறு மலைகளில் அது 2006-இலும் 2018-இலும் பூத்தது. நடுவர் குறித்த நாளில் பூக்க அதனால் இயலாது. மலைச்சரிவு முழுவதையும் நீலமாக்கிவிட்டு, விதை ஈன்றபின் செடியே மடிந்துவிடும். மலர் மனிதரிடம் வராததால் மனிதர் மலரிடம் செல்கின்றனர். 2022-இல் இடுக்கி மாவட்டம் சாந்தன்பாறையை அடுத்த கள்ளிப்பாறைக் குன்றில் குறிஞ்சி பூத்தபோது, காணச் சென்ற பெருங்கூட்டம் ஞெகிழிக் குப்பையை விட்டுச்சென்றது. சென்று காண்பதும் தன்னளவில் அன்பாகிவிடாது என்பதற்கு அதுவே சான்று.

2018-இல் பூத்த சரிவுகளில் குறிஞ்சி மீண்டும் 2030-இல் பூக்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. அதுவரை அது பூவற்ற பசும்புதர். அதைக் காண எவரும் பயணச்சீட்டு எடுப்பதில்லை. ஆனால் அது வாழ்வதும் அழிவதும் அந்தப் பதினோர் ஆண்டுகளில்தான் முடிவாகிறது. அவ்வாண்டுகளில் தீ படராமல் காப்பவர், அயல்மரம் புகாமல் களைபவர், மேய்ச்சலையும் சாலையையும் அளவோடு நிறுத்துபவர் ஆகியோரின் பெயர் எந்த அட்டையிலும் எழுதப்படுவதில்லை. காட்டு மலர்களை நோக்குமாறு நற்செய்தியில் ஆண்டவர் பணித்தபோது, பறிக்குமாறோ ஒப்பிட்டுப் பரிசளிக்குமாறோ பணிக்கவில்லை என்பதும் இங்கு நினையத்தக்கது.

நம் பராமரிப்பில் உள்ள பிள்ளைகளும் முதியோரும் நோயுற்றோரும் பெரும்பாலும் பூவாத ஆண்டுகளிலேயே நம்மோடு வாழ்கின்றனர். அவர்களிடமிருந்து நமக்குக் காட்சியும் இல்லை, புகழும் இல்லை. அந்நாள்களில் அடியீரம் வற்றாமல் பார்த்துக்கொள்வதும், மேலே கையை அடக்கிக்கொள்வதும் நம் கடமை. பூக்கும் நாளை அவர்களே அறிவர்.